மண்ணுக்குள் போன மின்சாரம்: டர்பன் குடியிருப்பு வளாகம் ஒன்றின் குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு எதைப் பற்றியது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் 84 வீடுகள் கொண்ட ஒரு வளாகத்தில், 2020 முதல் 2024 வரை குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் நடந்தவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் அந்த வளாகத்தில் குடியிருப்பவன். குழாய்த் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் உரிமையாளர் குழு தொழில்நுட்ப விஷயங்களை என்னிடம் விட்டது. யாருடைய பெயரையும், வளாகத்தின் பெயரையும் எழுதவில்லை. அளவுகள் எங்கள் குறிப்பேட்டில் இருப்பவை. சுற்றுச்சூழல் சுமை பற்றிய கணக்குகள் என்னுடையவை. எந்த அனுமானத்தில் போட்டேன் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

பின்னணி

சாட்ஸ்வொர்த், 1950-ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தின் கீழ் இந்திய வம்சாவளியினரை இடம் பெயர்த்துக் குடியமர்த்த 1960களில் எழுப்பப்பட்ட பகுதி. உம்லதுசானா, உம்லாஸ் ஆகிய இரண்டு ஆறுகளுக்கு நடுவே மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் நிலம். எங்கள் வளாகம் 1970களில் ஒரு சரிவில் கட்டப்பட்டது. மேலே சாலையோரத்தில் ஒரே ஒரு பொது மீட்டர். அங்கிருந்து அடிவார ஓடை வரை 46 மீட்டர் இறக்கம். மீட்டருக்கு இப்பால் உள்ள குழாய் எல்லாம் வளாகத்தின் சொத்து. உடைந்தால் செலவும் எங்களுடையது.

குடிநீருக்கு 1.1 கிலோமீட்டர் நீளத்துக்கு 100 மில்லிமீட்டர் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமெண்ட் குழாய். கழிவுநீருக்கு ஏறத்தாழ அதே தடத்தில், சற்று ஆழத்தில், 150 மில்லிமீட்டர் சுட்ட களிமண் குழாய். கழிவுநீர் அடிவாரத்தில் ஓடையைக் கடந்து நகரின் பெரிய குழாயில் சேரும். இரண்டு குழாய்களும் பல இடங்களில் ஒரே பள்ளத்தில் பதிக்கப்பட்டிருந்தன. அப்போது அது செலவு மிச்சம் என்று தோன்றியிருக்கும். பின்னால் நடந்த பலவற்றுக்கு அதுதான் காரணம்.

பழைய வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை. குழாய் எங்கே போகிறது என்பதை முழுமையாக அறிந்தவர் ஒருவர்தான்: வளாகத்தில் எல்லோரும் தாத்தா என்று அழைக்கும், ஓய்வு பெற்ற குழாய்ப் பணியாளர். சிறுவயதில், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் பல வீடுகளுக்குப் பொதுவான குழாயடியில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தவர். தண்ணீர் வீணாவதைக் கண்டால் அவருக்கு உடம்பு பதறும்.

வெள்ளத்துக்கு முன்: 14 உடைப்புகள்

2020 ஜனவரி முதல் 2022 மார்ச் வரை குடிநீர்க் குழாய் 14 முறை உடைந்தது. அவற்றில் 12 சரிவின் கீழ்ப்பாதியில். ஒவ்வொரு முறையும் நடைமுறை ஒன்றுதான்: ஆள் வருவார், தோண்டுவார், உடைந்த துண்டை வெட்டி எடுப்பார், இணைப்பு வளையம் போட்டு மூடுவார்.

2021-இன் தொடக்கத்தில் அப்படி ஒரு பழுதுபார்ப்பை அருகில் நின்று பார்த்தேன். பள்ளத்துக்குள் இருந்த இளைஞன் மின் ரம்பத்தால் குழாயை வறட்சியாக வெட்டிக்கொண்டிருந்தான். அரிசி மாவு சலித்ததுபோல வெள்ளைத் தூசு எழுந்து அவன் தலைமுடியிலும் புருவத்திலும் படிந்தது. முகத்தில் துணிகூட இல்லை. வேலையை நிறுத்தச் சொல்லித் தண்ணீர் ஊற்றினோம். கல்நார் பொருள்களின் பயன்பாட்டையும் தயாரிப்பையும் தென்னாப்பிரிக்கா 2008-இல் தடை செய்துவிட்டது. ஏற்கெனவே பதிந்திருப்பதை எப்படிக் கையாள வேண்டும் என்ற விதிகள் 2020 நவம்பரில் கடுமையாக்கப்பட்டன. அந்தக் குழாயின் வழியாக வரும் தண்ணீரைக் குடிப்பதால் நோய் வரும் என்பதற்கு ஒத்திசைவான சான்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆபத்து, இழையை மூச்சில் இழுப்பவனுக்கு. வடகேப் மாகாணத்துக் கல்நார்ச் சுரங்கப் பகுதிகளில் நுரையீரல் நோயால் இறந்தவர்களின் கதை இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் வளாகத்தில் ஒவ்வோர் உடைப்பும் ஒரு தொழிலாளியை அந்த ஆபத்தில் நிறுத்தியது. குழாயின் சுற்றுச்சூழல் சுமை என்ற பேச்சு எங்களுக்குக் கரியமில வாயுவில் தொடங்கவில்லை. அந்த இளைஞனின் புருவத்தில்தான் தொடங்கியது.

அதன்பின், பதிவு பெற்ற கல்நார் ஒப்பந்ததாரர் இல்லாமல் குழாயைத் தொடக்கூடாது என்று குழு முடிவெடுத்தது. சரியான முடிவு. ஆனால் பழுதுபார்க்கும் செலவு அதனால் பல மடங்கு ஏறியது. "மொத்தமாக மாற்றிவிடலாம்" என்ற குரல் அப்போதே எழத் தொடங்கிவிட்டது.

2022 ஏப்ரல்

ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையில், டர்பன் இருக்கும் குவாசுலு-நடால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். டோங்காட் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து அந்த ஊர் மாதக்கணக்கில் லாரித் தண்ணீரை நம்பியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் எங்களுக்கு நேர்ந்தது சிறியது. ஓடையில் அடித்து வந்த மரங்கள் கழிவுநீர்க் குழாயைத் தாங்கிய இரண்டு தூண்களில் சிக்கி, தூண்களையும் குழாயையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போயின. 19 நாள்கள் 84 வீடுகளின் கழிவுநீர் நேராக ஓடையில் விழுந்தது. அந்த ஓடை ஆற்றில் சேர்கிறது. ஆறு கடலில் சேர்கிறது. கழிவுநீர்க் கலப்பால் டர்பன் கடற்கரைகளில் குளிக்கத் தடை விதிக்கப்பட்டபோது, அதில் எங்கள் பங்கும் இருக்கிறது என்பதை மறந்துவிட என்னால் முடியவில்லை.

மே மாதம் கூடிய கூட்டத்தில் கோபமும் களைப்பும் சம அளவில் இருந்தன. தலைவர் சொன்னார்: "இரண்டு குழாயையும் முழுவதும் தோண்டி எடுத்துவிட்டு, குடிநீருக்கு வார்ப்பிரும்புக் குழாய் போட்டுவிடுவோம். நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை கவலை இல்லை." பொருளாளராக இருந்த அக்கா, பள்ளி ஆசிரியை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எவ்வளவு தண்ணீர் போகிறது என்று யாராவது அளந்திருக்கிறீர்களா?" யாரும் அளந்திருக்கவில்லை. நானும்தான்.

இரவில் அளந்தது

ஜூன் மாதம் மூன்று இரவுகள், 2 மணிக்கும் 4 மணிக்கும் பொது மீட்டரைப் படித்தோம். ஊர் உறங்கும் நேரத்தில் மீட்டரில் ஓடுவது பெரும்பாலும் கசிவுதான். சராசரியாக மணிக்கு 2.6 கனமீட்டர் ஓடியது. வீடுகளின் இரவுப் பயன்பாட்டுக்கும் வீட்டுக்குள் சொட்டும் குழாய்களுக்குமாக 0.4 கழித்தாலும் 2.2 கனமீட்டர் மண்ணுக்குள் போகிறது. பகலில் அழுத்தம் சற்றுக் குறையும் என்பதால் நாளுக்கு 21 மணி நேரக் கணக்கில் பெருக்கினேன்: ஏறத்தாழ 46 கனமீட்டர். வளாகத்துக்கு நாளொன்றுக்கு 106 கனமீட்டர் வந்துகொண்டிருந்தது. நூற்றுக்கு 43 பங்கு வீட்டை எட்டவேயில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் வெளியான அரசின் நீர் இழப்பு அறிக்கை, நாடு முழுவதும் வருவாய் ஈட்டாத நீரின் (கசிந்தோ கட்டணம் வசூலாகாமலோ போகும் நீரின்) பங்கு 47 விழுக்காடு என்றது. எங்கள் கதை நாட்டின் கதைதான்.

மூன்றாம் இரவில் தாத்தா ஒரு நீண்ட இரும்புக் கம்பியோடு வந்தார். கம்பியின் ஒரு முனையை வால்வின் தண்டில் ஊன்றி, மறுமுனையைக் கட்டைவிரலில் வைத்து, கட்டைவிரலைக் காதோரத்தில் அழுத்திக்கொண்டார். பிறகு என்னிடம் நீட்டினார். "கேள் தம்பி. உலை கொதிக்கிறது." உண்மையிலேயே உலைநீர் தளதளப்பதுபோன்ற சத்தம்தான் கேட்டது. வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி மீட்டரைப் பார்த்ததில், 2.2-இல் 1.7 கனமீட்டர் கீழ்ப்பாதியில் போகிறது என்று தெரிந்தது. ஏழு வால்வுகளில் இரண்டு துருவேறிச் சுழலவே இல்லை என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

அதே இரவில் தற்செயலாக இன்னொன்று கண்ணில் பட்டது. கீழ்வரிசையில் ஒரு மேன்ஹோல் மூடியைத் திறந்தபோது, மூன்று மணிக்கு, அதில் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வாடை இல்லை. டார்ச் வெளிச்சத்தில் குழியின் அடித்தளம் தெரிந்தது. வீடுகள் அனைத்தும் உறங்க, இது எங்கிருந்து வருகிறது? 20 லிட்டர் வாளியைப் பிடித்துப் பார்த்தோம். 70 விநாடியில் நிறைந்தது. மணிக்கு ஒரு கனமீட்டர். பிறகு கீழ்ப்பாதிக்கான குடிநீர் வால்வை மூடிக் காத்திருந்தோம். 40 நிமிடத்தில் அந்த ஓட்டம் நூலாக மெலிந்துவிட்டது.

குடிநீர்க் குழாயில் கசிந்தது, ஒரே பள்ளத்தில் கிடந்த களிமண் குழாயின் தளர்ந்த இணைப்புகள் வழியாகக் கழிவுநீருக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அணையிலிருந்து கொண்டுவந்து, சுத்திகரித்து, குளோரின் கலந்து, மேட்டுக்கு ஏற்றி அனுப்பிய தண்ணீர், எந்த வீட்டுக் குவளையையும் தொடாமல் சாக்கடைக்குப் போய், அங்கே மறுபடியும் காற்றூட்டிச் சுத்திகரிக்கப்படுகிறது. ஒரே தண்ணீருக்கு இரண்டு முறை மின்சாரம். இத்தனை ஆண்டுகள் இந்தத் துறையில் இருந்தும் இரண்டு குழாய்களையும் தனித்தனியாகவே எண்ணி வந்தவன் நான். அந்த மேன்ஹோலின் விளிம்பில் அந்த எண்ணம் போயிற்று.

முதல் முடிவு: அழுத்தத்தைக் குறைப்பது

மீட்டரில் அழுத்தம் 4.2 பார் (10 மீட்டர் உயர நீரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார்). 46 மீட்டர் இறக்கத்தால் அடிவாரத்தில் 8.8 பார். இங்கே வீட்டுக் கீசர்கள் பெரும்பாலும் 4 பார் அழுத்தத்துக்கே செய்யப்பட்டவை. கீழ்வரிசை வீடுகளில் கீசரின் பாதுகாப்பு வால்வு சொட்டிக்கொண்டே இருந்ததற்கும், அங்கேயே குழாய் அடிக்கடி உடைந்ததற்கும் விளக்கம் இதில் இருந்தது.

ஆகஸ்ட்டில், மீட்டருக்கு 20 மீட்டர் கீழே, ஒரே ஒரு அழுத்தக் குறைப்பு வால்வைப் பொருத்தினோம். முதலில் வெளி அழுத்தத்தை 2.2 பாரில் வைத்தோம். வால்வுக்கு அடுத்த வீட்டில் மாடிக் குளியலறையில் தண்ணீர் வலுவில்லாமல் விழுகிறது என்று அந்த வீட்டு அம்மா முறையிட்டார். போய்ப் பார்த்தோம், அவர் சொன்னது உண்மை. 2.5-க்கு உயர்த்தினோம். அடிவாரத்தில் 5.1 பார் ஆனது.

இரவு ஓட்டம் 2.6-இலிருந்து 1.8 ஆக இறங்கியது. ஒரு பெட்டிக்குள் அடங்கும் வால்வு, இரண்டு நாள் வேலை, ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கும் குறைவு.

குழாயின் உடலைச் சோதித்தது

அழுத்தத்தைக் குறைத்தாலும் குழாய் பழையதுதான். எவ்வளவு பழையது என்பதற்குப் பதிவு பெற்ற ஒப்பந்ததாரரை வைத்து, ஈரமாக வெட்டி, மேற்பகுதியில் ஒரு துண்டும் கீழ்ப்பகுதியில் ஒரு துண்டும் எடுத்தோம். சிமெண்டில் சுண்ணாம்பு இருக்கும்வரை ஃபினால்ஃப்தலின் கரைசல் பட்டால் இளஞ்சிவப்பாகும். சுண்ணாம்பு கரைந்து வலுவிழந்த பகுதி நிறம் மாறாது.

இரண்டு துண்டுகளின் சுவரும் 11 மில்லிமீட்டர் தடிமன். மேற்பகுதித் துண்டில் 9 மில்லிமீட்டர் வெற்றிலை மென்ற வாய்போலச் சிவந்தது. கீழ்ப்பகுதித் துண்டில் நடுவே 4 மில்லிமீட்டர் மட்டும் ஒரு கோடாகச் சிவந்து, உள்ளும் புறமும் சாம்பல் நிறமாகவே நின்றது. அந்தச் சாம்பல் பகுதியில் திருப்புளியை அழுத்தினால் இறங்கியது. கீழே ஈரமான, புளிப்புத்தன்மை கொண்ட களிமண். ஆண்டுக்கணக்கில் கசிந்த தண்ணீர் வேறு.

குழுவுக்கு அந்த இரண்டு துண்டுகளையும் உறையிட்டு மேசைமேல் வைத்தேன். பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. ஒரே ஆண்டில் ஒரே பொருளால் போட்ட குழாயில் ஒரு பாதிக்கு இன்னும் பல ஆண்டு ஆயுள், மறுபாதி முடிந்துவிட்டது. நல்ல பாதியையும் சேர்த்துப் பிடுங்கினால், அதைச் செய்து பதிக்க ஏற்கெனவே செலவான சுமையின் மிச்ச ஆயுளைத் தூக்கியெறிகிறோம்.

எந்தக் குழாய், எந்த வழி

விவாதம் நீண்டது இங்கேதான். எல்லோரும் குழாயின் பொருளைப் பற்றியே பேசினார்கள். பிளாஸ்டிக் கெடுதல், இரும்பு நல்லது. அல்லது இரும்பு உருக்க நிலக்கரி வேண்டும், பிளாஸ்டிக் மேல். நான் வாழ்நாள் மதிப்பீடாக ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன்: பொருள் தயாரிப்பு, பள்ளம், பதிப்பு, பயன்பாட்டுக் காலம் என்று.

முழு 1.1 கிலோமீட்டருக்கும் 110 மில்லிமீட்டர் எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) குழாய் போட்டால் அதன் எடை ஏறத்தாழ 3.4 டன். கிலோவுக்கு இரண்டரை கிலோ கரியமில வாயு என்று வைத்தால் 8.5 டன். பி.வி.சி. சற்றுக் குறைவு. வார்ப்பிரும்பு மீட்டருக்கு 17 கிலோ எடை. அதன் சுமை 37 டன் அளவில் வந்தது. இந்த மண்ணில் அதற்குப் பிளாஸ்டிக் உறையும் போர்த்த வேண்டும்.

அடுத்து பள்ளம். 60 சென்டிமீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் என்றால் 660 கனமீட்டர் மண். குழாய்க்கு மெத்தையாக 260 கனமீட்டருக்கு மேல் மணல் கொண்டுவர வேண்டும். அதே அளவு மண்ணை வெளியே கொட்ட வேண்டும். 50 லாரி நடைக்கு மேல். தார்ப்பாதை முழுவதையும் மறுபடி போட வேண்டும். தோண்டும் இயந்திரத்தின் டீசல், லாரி, மணல், தார் எல்லாம் சேர்த்து 17 டன் வந்தது. குழாயைவிடக் குழாய் வைக்கும் பள்ளம் இருமடங்கு கனத்தது. ஆற்று மணலைப் பற்றிய கணக்கு கரியமில வாயுவில் அடங்காது. அள்ளப்பட்ட ஆற்றங்கரையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

மூன்றாவது, கசிவு. ஆண்டுக்கு 17,000 கனமீட்டர். சுத்திகரிப்புக்கும் ஏற்றுதலுக்கும் கனமீட்டருக்கு அரை யூனிட் மின்சாரம் என்று அனுமானித்தேன். சாக்கடைக்குள் நுழைந்த பங்குக்கு இன்னோர் அரை யூனிட். மொத்தம் ஆண்டுக்கு 12,000 யூனிட்டுக்குச் சற்று மேல். இந்த நாட்டின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில் பிறப்பது. யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு. ஆகவே ஆண்டுக்கு 12 டன்.

ஒரு முழு வளாகத்துக்கான புதிய பிளாஸ்டிக் குழாயின் தயாரிப்புச் சுமையைவிட, ஒரே ஓர் ஆண்டின் கசிவு அதிகம். ஐம்பது ஆண்டு ஆயுளில் அதைப் பெருக்கிப் பார்த்தால், எந்தப் பொருள் நல்லது என்று சண்டையிடும் இடம் கணக்கின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. குவாசுலு-நடால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டர்பனின் நீர்ச் சுழற்சியை வாழ்நாள் மதிப்பீட்டால் ஆராய்ந்தபோதும் மின்சாரமே முதன்மைச் சுமையாக நின்றது. நாட்டின் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு குறையக் குறையக் கசிவின் எடை குறைந்து, பொருளின் எடை கூடும். அந்த நாள் வரும்போது இதே கணக்கை மறுபடி போட வேண்டும்.

முடிவு இப்படி அமைந்தது. மேற்பகுதி 460 மீட்டர் அப்படியே இருக்கும். கீழ்ப்பகுதி 640 மீட்டருக்கு எச்.டி.பி.இ. குழாய், பள்ளம் தோண்டாமல், நிலத்துக்கடியில் துளையிட்டு இழுப்பது. பழைய குழாயை உள்ளிருந்தே உடைத்து நொறுக்கி அதன் தடத்திலேயே புதியதை இழுக்கும் முறை இன்னும் மலிவாக இருந்தது. ஆனால் கல்நார்ச் சில்லுகள் மண்ணெங்கும் சிதறும். நாளைக்கு அங்கே தோண்டுபவன் எதன்மேல் மண்வெட்டியைப் போடுகிறான் என்று அவனுக்குத் தெரியாது. அதை மறுத்தோம். பழைய குழாய் முழுதாக, முனை அடைத்து, மண்ணுக்குள்ளேயே கிடக்கும். வரைபடத்தில் சிவப்புக் கோடாக இருக்கும். இதில் எனக்கு முழு நிம்மதி இல்லை. சுமையைத் தீர்க்கவில்லை, அடுத்த தலைமுறையின் பெயரில் கடன்சீட்டு எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் எடுக்கும்போது எழும் தூசைவிட அசையாமல் கிடப்பது பாதுகாப்பு என்பதில் ஐயம் இல்லை.

தலைவர் கடைசிவரை இரும்பையே விரும்பினார். வாக்கெடுப்பில் தோற்றபின், பணியின்போது ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. அதைப் பதிவு செய்ய வேண்டும்.

பணி நடந்த விதம்

மழை ஓய்ந்தபின் 2023 மே மாதம் தொடங்கி, ஆடி பிறப்பதற்குள் முடிப்பது என்று திட்டம். ஆடியில் பக்கத்து மாரியம்மன் கோவிலில் கூழ் வார்ப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு வளாகத்தின் தண்ணீரும் வழியும் வேண்டும். ஜூலை முதல் வாரத்தில் முடிந்தது.

மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்த ஆண்டு அது. குழாய் இணைக்கும் இயந்திரம் முழுக்க டீசல் ஜெனரேட்டரில் ஓடியது. துளையிடும் இயந்திரத்துக்கும் சேர்த்து 1,900 லிட்டர் டீசல் செலவானது. நான் முன்கூட்டிப் போட்ட மதிப்பு 1,200.

எச்.டி.பி.இ. குழாயின் ஆயுள் அதன் இணைப்பில் இருக்கிறது. மின்னிணைப்பு வளையத்தை (மின்சாரத்தால் சூடேறி உருகிப் பிடிக்கும் வளையம்) போடும் முன், குழாயின் மேல்தோலைச் சுரண்டி எடுக்க வேண்டும். தேங்காய்த் துருவல்போல மெல்லிய கறுப்புச் சுருள்கள் விழ வேண்டும். சுரண்டாத தோலில் பிடித்த இணைப்பு வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், பிறகு ஒரு நாள் விட்டுவிடும். ஐந்தாம் நாளில் ஒரு குழியைச் சுற்றிச் சுருள் எதுவும் கிடக்கவில்லை என்று தாத்தா கவனித்தார். கேட்டபோது, மாலை மங்கிவிட்டது, அவசரம் என்றார்கள். அந்த இணைப்பையும் அதே மாலையில் போட்ட மற்ற இரண்டையும் வெட்டி எடுத்தோம். மூன்றில் ஒன்றைக் கையாலேயே பிரிக்க முடிந்தது. அதன்பின், ஒவ்வொரு இணைப்பின் சுருளையும் உறையில் போட்டு எண் எழுதி வைக்கச் சொன்னோம். மேற்பார்வையாளர் முதலில் சலித்துக்கொண்டார். பிறகு தம் மற்ற வேலைகளிலும் அப்படியே செய்யப் போவதாகச் சொன்னார்.

கழிவுநீர்ப் பக்கமும் என் பிழையும்

களிமண் குழாயைக் கேமரா விட்டுப் பார்த்தோம். ஐம்பது ஆண்டு ஆகியும் குழாயின் உடலில் குறை இல்லை. சுட்ட மண் அவ்வளவு உறுதியானது. பழுது முழுவதும் சாந்து பூசிய இணைப்புகளில். மாமரமும் அவகாடோ மரமும் நின்ற இடங்களில் வேர் உள்ளே நுழைந்து சடைசடையாகத் தொங்கியது. எனவே முழுவதும் மாற்றாமல், 210 மீட்டருக்கு மட்டும் உள்ளே பிசின் தோய்த்த உறை செலுத்தி இறுகவைத்தோம். இறுகவைக்கும் வெந்நீரில் ஸ்டைரீன் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருக்கும். அதை ஓடையில் விடக்கூடாது, லாரியில் எடுத்துப் போக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினோம். ஓடையைக் கடக்கும் குழாயைத் தூண் இல்லாமல், ஒரே தாவலில் கரைக்குக் கரை போட்டோம்.

செப்டம்பரில் எல்லாம் முடிந்தது. நவம்பர் முதல் கனமழையில், கீழ்வரிசை மேன்ஹோல் மறுபடியும் பொங்கி ஓடையில் விழுந்தது.

கசிந்த குடிநீர் நின்றுவிட்டது, வேர் போய்விட்டது, பிறகும் ஏன்? ஜனவரியில் புகைச் சோதனை செய்தோம். மேன்ஹோலில் புகையை ஊதியபோது, தரையிலிருந்து வரும் என்று எதிர்பார்த்து நின்றிருந்தோம். கூரைகளிலிருந்து வந்தது. 19 வீடுகளின் கூரைத் தண்ணீர்க் குழாய்கள் கழிவுநீரில் இணைக்கப்பட்டிருந்தன. வீட்டை விரிவாக்கியபோது யாரோ ஒரு கொத்தனார் அருகில் கிடைத்த குழாயில் சேர்த்துவிட்ட வேலை. பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. ஒரு பாட்டி வாசலில் நின்று தம் வீட்டுக் கூரை புகைவதைக் கண்டு திகைத்துப்போனார்.

புகைச் சோதனை ஒரு நாள் வேலை. அதை உறை போடும் முன் செய்திருக்க வேண்டும். குடிநீரில் "முதலில் அள, பிறகு செலவழி" என்று குழுவிடம் வாதிட்ட நான், கழிவுநீரில் அதைச் செய்யவில்லை. கேமராவில் வேரைப் பார்த்ததும் காரணம் கிடைத்துவிட்டது என்று நின்றுவிட்டேன்.

பின்விளைவு

2024-இல் இரவு ஓட்டம் மணிக்கு 0.7 கனமீட்டர். மேற்பகுதியில் இரண்டு இணைப்புகளைச் சரிசெய்ததும் இதில் அடங்கும். நாளொன்றுக்கு வரும் தண்ணீர் 106-இலிருந்து 66 கனமீட்டராகக் குறைந்தது. முந்தைய 27 மாதத்தில் 14 உடைப்புகள் இருந்த இடத்தில், பணி முடிந்த பின்னான 18 மாதத்தில் ஒன்று. அதுவும் மேற்பகுதியில்.

கீழ்ப்பகுதிக் குடிநீர்ப் பணியின் சுமையைக் கூட்டிப் பார்த்தேன்: குழாய் 5 டன், டீசல் 5 டன், குழிகளுக்கான மணல், பாதைச் சீரமைப்பு 3 டன், ஆக 13 டன் கரியமில வாயு. மிச்சமான தண்ணீரின் வழியே ஆண்டுக்கு ஏறத்தாழ 11 டன் குறைகிறது. ஓர் ஆண்டும் சில மாதமும் போதும், சுமை ஈடாகிவிடுகிறது. இந்த 11 டன்னில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த ஒற்றை வால்வின் வேலை.

மறுபடி செய்தால்

வால்வை 2022 ஆகஸ்ட்டில் போட்டோம். மூன்றாவது உடைப்பின்போதே, 2020-இல், போட்டிருக்கலாம். அடிவாரத்து அழுத்தம் என்னவென்று அறிய ஒரு தோட்டக் குழாயில் அழுத்தமானியைத் திருகினால் போதும். இரண்டரை ஆண்டுகள் யாரும் திருகவில்லை. அந்த இடைவெளியில் போன தண்ணீரும், தூசில் நின்ற ஆட்களும் என் மனத்தில் தனியாகக் கிடக்கிறார்கள்.

குடிநீர், கழிவுநீர் இரண்டையும் ஒரே திட்டமாக, ஒரே வரைபடத்தில் தொடங்கியிருப்பேன். டீசலுக்கு ஜெனரேட்டரையும் சேர்த்து மதிப்பிட்டிருப்பேன். கணக்கை 2023 மார்ச்சில் குழுவிடம் வைத்தேன். 2022 மே கூட்டத்திலேயே தோராயமாக வைத்திருந்தால் இரும்பா பிளாஸ்டிக்கா என்ற பல மாதப் பேச்சில் பாதி நடந்திருக்காது.

19 வீடுகளில் 13 வீடுகள் கூரைத் தண்ணீரைப் பிரித்துவிட்டன. அவற்றில் நான்கு வீடுகள் அதைத் தொட்டியில் பிடித்துத் தோட்டத்துக்கு விடுகின்றன. ஆறு வீடுகள் மீதம். பொருளாளர் அக்கா வீடு வீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார். மேற்பகுதிக் குழாயில் அடுத்த துண்டு எடுத்துச் சோதிப்பது 2027-இல். சிவப்புக் கோடு வரைந்த வரைபடத்தின் ஒரு படி சமுதாயக் கூடத்தின் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. இன்னொரு படி தாத்தாவின் வீட்டில்.